வீணை வாசித்துக்கொண்டே பாடுவது எப்படி?

வீணையில் நாலைந்து கீர்த்தனை வந்துவிட்டது, வாய்ப்பாட்டும் ஓரளவு வரும், ஆனால் சேர்த்துச் செய்ய உட்கார்ந்தால் கை ஓடும்போது வாய் மூடிக்கொள்கிறது, வாய் திறந்தால் மீட்டு (வலது கை விரல் தந்தியைச் சுண்டுவது) தடுமாறுகிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நானும் இங்கே வெகுநாள் நின்றிருக்கிறேன்.

முதலில் சுருதி, அதாவது ஆதாரமான ஷட்ஜம் (ஸ) எந்த உயரத்தில் நிற்கிறது என்பது. அதைக் கட்டை என்ற எண்ணால் சொல்வோம், எண் கூடினால் சுருதி உயரும். பலர் இதை யோசிக்காமலேயே ஆரம்பித்து, தனக்குக் குரல் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வீணையைப் பெரும்பாலும் இரண்டரை, மூன்று கட்டையில் சேர்த்து வைத்திருப்போம். பெண்கள் பலருக்கு ஐந்து, ஐந்தரை கட்டை வசதி. ஆண்கள் பலருக்கு ஒன்று, ஒன்றரை. ஐந்து கட்டைக் குரல் மூன்று கட்டை வீணையோடு பாடினால் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்வரங்களில், வெறும் காற்றுதான் வரும். அதற்காக வீணையை ஐந்துக்கு முறுக்கிவிடாதீர்கள், தந்தி அறுந்துவிடும். கீழே அதிகம் இறங்காத பாட்டாகத் தேர்ந்தெடுத்து மூன்று கட்டையிலேயே பாடலாம், ஆரம்பத்துக்கு அது போதும். இல்லையென்றால் மத்தியம சுருதி: வீணையை இரண்டு கட்டையில் சேர்த்து மத்தியமத்தை (ம) ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் சரியாக ஐந்து கட்டை வந்துவிடும். வாசிக்கும் தந்திகளில் இருக்கும் பஞ்சமத்தையும் (ப) பக்கவாட்டுத் தாளத் தந்திகளில் இருக்கும் பஞ்சமத்தையும் மத்தியமத்துக்கு இறக்க வேண்டும், விரல் போகும் மெட்டுகளும் (தந்திக்குக் கீழே குறுக்காக இருக்கும் உலோகப் பட்டைகள்) மாறும் என்பதால் தெரிந்த பாட்டையே புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஆண்களுக்கு இரண்டு கட்டையில் வைத்து, மேல் ஷட்ஜத்தை அதிகம் தாண்டாத பாட்டாக எடுத்தால் சமாளிக்கலாம்.

சரி, இப்போது இடது கையை மெட்டில் வைக்கவே வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளைச் வலது கைச் சுண்டுவிரலால் மட்டும் மீட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடுங்கள். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் என்றால் தட்டு விழும் 1, 5, 7 ஆகிய இடங்களில் மீட்டினால் போதும். பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் சரணம் வரை தவறாமல் போக எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இது கைக்கு நிலைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் தாளத்தைக் கை பார்த்துக்கொள்ளும், வாய் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அடுத்தது மீட்டு. வீணையில் மீட்டு விழும் இடம் பெரும்பாலும் சாகித்தியத்தின், அதாவது பாட்டு வரிகளின், எழுத்து விழும் இடம்தான். புது எழுத்து வந்தால் மீட்டு, அந்த எழுத்தின் நெடில் நீளும்போது மீட்டாமல் இடது கை விரல்களே அடுத்த ஸ்வரங்களைக் கொண்டுபோகும். ஸ்வரத்துக்கு ஒரு மீட்டு போடும் பழக்கம் ஆரம்பப் பயிற்சியான வரிசைகளிலிருந்து நம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, அதுதான் வாயைக் குழப்புகிறது. 'ராமா' என்று நான்கு ஸ்வரத்துக்கு நீளும் இடத்தில் கை நான்கு முறை மீட்டினால் வாயும் 'ரா-ஆ-ஆ-மா' என்று வெட்டிக்கொண்டுதான் பாடும். நோட்டில் சாகித்தியத்தை எழுதி, மீட்டு விழும் எழுத்துகளுக்குக் கீழே கோடு போடுங்கள். அப்புறம் வீணையைத் தொடாமல், தொடையில் விரலால் தட்டிக்கொண்டே பாடிப் பாருங்கள். வாயும் விரலும் அந்த எழுத்துகளில் ஒன்றாக விழுந்த பிறகுதான் வீணைக்குப் போக வேண்டும். முதல் பாட்டாக மலஹரி ராகத்தில் ஒரு கீதத்தை (ஆரம்பத்தில் கற்கும் சிறு பாட்டு) எடுங்கள், எழுத்தும் ஸ்வரமும் அதிகம் விலகாமல் போவதால் கை பழகிக்கொள்ளும். நேராகப் பெரிய கீர்த்தனைக்குப் போனால் மனசு விட்டுப்போகும்.

கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்து இசைப்பதில்) யார் முன்னால் போவது என்று ஒரு சண்டை வரும். என் அனுபவத்தில் வாய்தான் முன்னால் போக வேண்டும். தந்தியை இழுக்கும்போது இழுப்பு கொஞ்சம் குறைந்தால் ஸ்வரம் எட்டாமல் நிற்கும், குரலும் அதைக் கேட்டு அங்கேயே நின்றுவிடும். அதே சங்கதியை (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவம்) தம்பூராவோடு மட்டும் பத்து முறை பாடிவிட்டு வந்தால், குரல் போகிற இடம் வரைக்கும் கை தானாக இழுக்கும். வீணை தனம்மாள் (1867–1938) விரலில் கம்பி மாட்டாமல் வெறும் விரலால் மீட்டி, கூடவே மெல்லிய குரலில் பாடியவர். சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அதைக் கேட்க வித்வான்களே வந்து உட்காருவார்களாம். அந்த மெல்லிய குரல் என்பதைக் கவனியுங்கள். வீணையின் நாதம் சின்னது, அதற்கு மேல் கத்திப் பாடினால் இழுப்பு சரியாக இருக்கிறதா என்று நமக்கே கேட்காது.

எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தாளத்தின் தொடக்கத்திலிருந்து தள்ளி வரும் பாட்டுகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தாளத் தந்தி விழுந்து, அரை இடம் தள்ளி வாயும் மீட்டும் சேர்ந்து தொடங்க வேண்டும் என்பது இரண்டுக்கும் புதிதாக இருக்கும். அதற்கு வழி, ராகம் இல்லாமல் சாகித்தியத்தை வெறுமனே பேசிக்கொண்டு தாளத் தந்தியை மட்டும் மீட்டுவது. நிதானமாகப் பேச்சில் வந்துவிட்டால் பாட்டிலும் வரும்.

உட்காருவதில் ஒரு விஷயம். மெட்டைப் பார்க்கக் கழுத்தை மடக்கினால் தொண்டை இறுகும், மேல் ஸ்தாயி கிட்டாது. கண்ணை மூடிக்கொண்டு அலங்காரப் பயிற்சிகளை வாசித்துப் பழகுங்கள், பார்க்காமல் மெட்டு கைக்கு வர வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் வாய் நின்றுவிடலாம், தவறே இல்லை. அந்தச் சங்கதியை வீணை தனியாக வாசித்து முடிக்கட்டும், நீங்கள் மூச்சை எடுத்துக்கொண்டு அடுத்த வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். வேகம் கூடும் மத்தியம காலத்தில் கை திணறினால் மீட்டுகளைப் பாதியாகக் குறைத்து, தாளத் தந்தியை மட்டும் விடாமல் பாடிக்கொண்டே போங்கள், பாட்டு அறுபடாமல் இருக்கும்.