கப்பல் கிரேன் உடைந்தால் உரிமையாளர்கள் செய்யும் தவறுகள்

நான்கு கிரேன் உள்ள பல்க் கேரியரில் (மூட்டையில்லாமல் சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்) நிலக்கரி இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கிரேனின் ஒயர் (இரும்புக் கயிறு) அறுந்து, நிலக்கரியை அள்ளும் கிராப் கீழே விழுகிறது. கிரேனை ஓட்டியவர் துறைமுகத்து ஆள். ஒயர் பழசு என்பார் கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர். உங்கள் ஆள் கிராபைப் பக்கவாட்டில் இழுத்ததுதான் காரணம் என்பார் உரிமையாளர். ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை, பல மாதம் கழித்துத்தான் வரும். ஆனால் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் கப்பலில் நடப்பதைப் பொறுத்தது.

நோட்டீஸைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. கப்பலைக் கால வாடகைக்கு விடும் ஒப்பந்தமான என்.ஒய்.பி.இ. 1993 படிவத்தின் 35ஆம் பிரிவுப்படி, ஸ்டீவடோர் (சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுக நிறுவனம்) செய்த சேதத்துக்கு, சேதம் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் கேப்டன் எழுத்தில் தெரிவித்தால்தான் சார்ட்டரர் பணம் தரவேண்டும். சேத விவரம் வேண்டும், சர்வேயரை அனுப்பச் சொல்லும் அழைப்பும் வேண்டும். ‘கிரேன் 2 பழுது’ என்று ஒற்றை வரி மெயில் போதாது. ஒரு பயணத்துக்கான ஒப்பந்தப் படிவமான ஜென்கான் 1994இல் மணிக்கணக்கு இல்லை. கூடிய விரைவில் சார்ட்டரருக்கோ அவருடைய ஏஜென்டுக்கோ சொல்வதோடு ஸ்டீவடோருக்கும் சொல்லவேண்டும், இல்லையேல் சார்ட்டரர் பொறுப்பில்லை. ஸ்டீவடோரின் ஃபோர்மன் கையெழுத்துப் போட மறுத்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மெயிலை அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, அறுந்த ஒயரைப் பழைய இரும்போடு போட்டுவிடுவது. இருபக்க முனைகளையும் ஒரு மீட்டராவது விட்டு வெட்டி, துணி சுற்றி, சர்வேயர் முன்னால் சீல் வைக்கவேண்டும். அதிக பாரத்தில் அறுந்த கம்பியின் நுனி ஒடுங்கியிருக்கும். துருவில் போனது குழிகுழியாக இருக்கும். ஆய்வகம் பார்த்துச் சொல்லிவிடும். முனையே இல்லையென்றால் வாய்ச்சண்டைதான் மிச்சம்.

பைபாஸ் சாவி விஷயமும் இருக்கிறது. கிரேனின் கையான பூமைத் தாங்கியில் இறக்கி வைக்கும்போது, எல்லை தாண்டாமல் நிறுத்தும் லிமிட் சுவிட்சை ஒதுக்கத்தான் அது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை வின்ச்மேன் (கிரேன் ஓட்டுபவர்) கையில் கொடுத்துவிட்டால், கேப்டனின் மேற்பார்வை எங்கே போனது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். கிராபின் எடையும் பாரக் கணக்கில் சேரும் என்பதையும், பல கிரேன்களுக்குக் கிராப் வேலையில் அனுமதித்த பாரம் ஹூக்கை விடக் குறைவு என்பதையும் வேலை தொடங்குமுன்னே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கிரேனுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை, 5 ஆண்டுக்கு ஒருமுறை பாரச் சோதனை. 2026 ஜனவரி 1 முதல் இது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸிலும் வந்துவிட்டது. சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது. மாதாமாதம் ‘கிரீஸ் தடவப்பட்டது’ என்று ஒரே பேனாவில், ஒரே வாசகத்தில் இருக்கும் பதிவேட்டை யார் நம்புவார்கள்? ஒயரின் விட்டம் அளந்த எண்ணும் தேதியிட்ட படமும் நூறு ‘சரி’களைவிட மேல்.

இன்ஷூரன்ஸில் ஒரே இடத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கிரேன் பழுது பொதுவாக ஹல் பாலிசியில் (கப்பலுக்கும் இயந்திரத்துக்குமான காப்பீடு) வரும். வழக்குச் செலவுக்கு, கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்பீட்டுச் சங்கமான கிளப்பின் டிஃபென்ஸ் காப்பு. இரண்டிடமும் அன்றே சொல்லுங்கள்.

அப்புறம் வாடகைப் பிடித்தம். கிரேன் நின்ற நேரமெல்லாம் சார்ட்டரர் கழிக்கப் பார்ப்பார். ஒவ்வொரு ஹோல்டிலும் (சரக்கு அறை) எந்த மணிக்கு வேலை நடந்தது, எப்போது மழையால் மூடியது என்று எழுதி வைத்திருந்தால், கிரேனால் உண்மையில் போன நேரம் எவ்வளவு என்று மணிக்கணக்காக வாதாடலாம்.