பூஸ்டரைக் கழற்றிய பிறகு எந்த மாஸ்டர் சிலிண்டர்? மேனுவல் பிரேக்குக்கு மாறுவோருக்கான செய்முறை

என் 1970 செவ்ரோலே செவெலுக்குப் பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட நாளிலிருந்து, ஐடிலில் எஞ்சினின் வெற்றிடம் 9 அங்குலப் பாதரசத்தைத் தாண்டவில்லை. அந்த வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிக்குக் கூடுதல் விசை தருவதுதான் பூஸ்டர்; அது ஒழுங்காக உழைக்க அதைப்போல் இருமடங்கு வேண்டும். சிக்னலில் இரண்டாம் முறை மிதித்தால் மிதி கட்டையாகிவிடும். மின்சார வெற்றிடப் பம்ப் வைக்கலாம். அதன் இரைச்சல் எனக்கு ஆகாது. பூஸ்டரையே தூக்கிவிட்டேன். இனி காலின் விசை மட்டும்தான், அதாவது மேனுவல் பிரேக்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிக்கான குறிப்பு இது. காரைத் தூக்கி நிறுத்துவதும் குழாய் நட்டுகளைக் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: சாதாரண ஸ்பேனர் வேண்டாம், குழாய் நட்டுக்கென்று இருக்கும் ஃப்ளேர் ஸ்பேனரை வாங்குங்கள். முனை மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்காது.

படி 1: மிதியை அளக்க வேண்டும்

மிதியின் விசையைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரைத்தான் எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அது இன்னும் அலமாரியில் இருக்கிறது. காசை எடுக்கும் முன் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து மிதியின் தண்டைப் பாருங்கள். செவெலின் தண்டில் ஓரங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில், மிதியின் தள்ளலைக் கொண்டுபோகும் புஷ் ராடு கீழ்த் துளையில் மாட்டியிருக்கும். மேல் துளை மேனுவல் பிரேக்குக்கு.

மிதியின் அச்சிலிருந்து பாதம் படும் இடம்வரை அளந்து, அதை அச்சிலிருந்து துளைவரை உள்ள தூரத்தால் வகுத்தால் நெம்பு விகிதம் கிடைக்கும். என் வண்டியில் கீழ்த் துளைக்கு 4, மேல் துளைக்கு 6. மேனுவல் பிரேக்குக்கு 6 வேண்டும். உங்கள் மிதியில் ஒரே துளைதான் என்றால் நீங்களே புதிதாகத் துளை போடாதீர்கள். மேனுவல் பிரேக்கோடு வந்த வண்டியின் மிதியைத் தேடி வாங்குங்கள்.

படி 2: சிலிண்டரின் விட்டம்

நான் சறுக்கிய இடம் இதுதான். பூஸ்டர் போய்விட்டதே, பெரிய சிலிண்டர் போட்டால் ஈடுகட்டலாம் என்று நினைத்தேன். நேர்மாறு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும்.

என் வண்டியில் இருந்தது 1⅛ அங்குலம், தாத்தா கணக்கில் ஒன்றே அரைக்கால். அதன் பரப்பு 0.994 சதுர அங்குலம். காலால் 100 பவுண்டு விசை கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் துளையில் 400 பவுண்டு சிலிண்டருக்குப் போகும்; அழுத்தம் 402 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதே சிலிண்டர், மேல் துளை: 604. ஓரங்குலச் சிலிண்டர், மேல் துளை: 764. ⅞ அங்குலம் என்றால் 1000-ஐத் தொடுகிறது.

அப்படியானால் ⅞-ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சிறிய சிலிண்டர் அதே அளவு ஆயிலைத் தள்ள அதிக தூரம் நகர வேண்டும். ஓரங்குலத்தைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல். முன் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் என் காலிப்பரின் பிஸ்டன் 2 15/16 அங்குல விட்டம், நிறைய ஆயில் குடிக்கும். பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் மிதி தரையைத் தேடும். அதனால் ஓரங்குலத்தில் நின்றேன்.

முதல் தடவை 1⅛-ஐக் கீழ்த் துளையிலேயே மாட்டி ஓட்டினேன். மிதி கல் போல் இருந்தது. 'அடடா, என்ன உறுதி' என்று மகிழ்ந்துகொண்டே தெருமுனையைத் தாண்டிப் போய் நின்றேன். மிதி உறுதியாக இருப்பது வேறு, வண்டி நிற்பது வேறு.

படி 3: பிஸ்டனின் குழி

விட்டம் சரியாக இருந்தும் தவறான சிலிண்டர் உங்கள் கைக்கு வரலாம். பின்பக்கத்தில் புஷ் ராடு உட்காரும் குழிக்குள் ஒரு பென்சிலை விட்டுப் பாருங்கள். பூஸ்டருக்கானதில் முனை மட்டும் மறைந்து நின்றுவிடும். மேனுவலுக்கானதில் பென்சில் ஓரங்குலத்துக்கும் மேல் உள்ளே போகும். ஆழமில்லாத குழியில் மேனுவல் புஷ் ராடு நழுவி விழுந்தால் மிதிக்கும் சிலிண்டருக்கும் தொடர்பே இருக்காது. எனக்கு ஒரு கடையில் 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றல்ல.

படி 4: மற்றவை

டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட்களின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும்; முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45. பூஸ்டர் இல்லாத வண்டிக்கு முதல் எழுத்து எஃப்-ஆவது இருக்கட்டும். பந்தயப் பேட்கள் சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகிற வண்டிக்கு எதற்கு?

டிஸ்க்கும் டிரம்மும் மாறாதவரை முன், பின் பிரேக்குகளுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் பழைய காம்பினேஷன் வால்வே போதும். புதுக் குழாய் போடுவதானால் செம்பு-நிக்கல் குழாயை வாங்குங்கள், கையாலேயே வளையும். எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில், பூஸ்டரின் வெற்றிடக் குழாய் இருந்த ஓட்டையை அடைக்க மறக்காதீர்கள். பிரேக் விளக்கின் சுவிட்சையும் சரிபாருங்கள்.

சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்துக் காற்றை எடுத்துவிடுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், மெதுவாக, கைப்பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் எழுதியிருந்தார், பத்து நிமிடம் ஓட்டியதும் முன் சக்கரங்கள் இறுகிக்கொள்கின்றன, ஆறினால் விடுகின்றன என்று. காலிப்பரைக் குறை சொல்லும் முன் புஷ் ராடின் நீளத்தைப் பாருங்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே 1/16 அங்குலம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது; ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும்; சூட்டில் விரிகிற ஆயிலுக்குப் போக வழியில்லை. சோதிக்க, தொட்டியின் மூடியைத் திறந்து வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, வேறொருவரை மிதியை மெல்லத் தொடச் சொல்லுங்கள். முதல் அசைவிலேயே ஆயிலின் மேல் ஒரு சிறு ஊற்று கொப்பளிக்க வேண்டும். கொப்பளிக்காவிட்டால் ராடை அரைச் சுற்று குறைத்து மறுபடி பாருங்கள். அந்த வாசகருக்கு இரண்டு சுற்று குறைக்க வேண்டியிருந்தது.