எழுதும் பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது? உரக்கச் சிந்திக்க வைத்து ஆராயும் முறை, படிப்படியாக

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு கடிதம் எழுதி நீட்டுகிறது. பத்துக்கு ஆறு போடுகிறோம். எந்த வரியில் அது தயங்கியது, எதை எழுத நினைத்து விட்டுவிட்டது, எங்கே பிழைக்குப் பயந்து வேறு சொல்லுக்குத் தாவியது என்பதெல்லாம் தாளில் இருக்காது. அதை அறிய உதவும் எளிய வழி, உரக்கச் சிந்தித்தல். எழுதும்போதே மனதில் ஓடுவதை வாயால் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்கிறோம். பிறகு அந்தப் பேச்சை எழுத்தாக்கி, துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பி.எட்., எம்.எட். படிப்பவர்களையும், தங்கள் வகுப்பிலேயே சின்னதாக ஓர் ஆய்வு செய்ய நினைக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு போன், ஒரு நோட்டு, நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம்

அமெரிக்காவில் ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். 1980இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் இந்த முறைக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார்கள். அவர்கள் போட்ட கோடு இதுதான்: மனதில் ஓடுவதை அப்படியே சொல்வது ஒன்று, "ஏன் அப்படிச் செய்தேன்" என்று விளக்குவது வேறொன்று. முதலாவது சிந்தனையைப் பெரிதாகக் கலைப்பதில்லை. இரண்டாவது கலைத்துவிடும், ஏனென்றால் காரணம் தேடுவதே புதிதாக ஒரு வேலை. 2011இல் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. வெறுமனே உரக்கச் சிந்தித்தவர்களுக்கு நேரம் கொஞ்சம் கூடியதே தவிர, முடிவுகள் மாறவில்லை. விளக்கச் சொன்னபோது முடிவுகளே மாறின.

ஆசிரியர்களுக்கு இதுதான் கஷ்டமான இடம். "ஏன்?" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் நம்முடையது. பாடம் நடத்தும்போது அது நல்ல கேள்வி. விளக்கிச் சொல்லிப் பார்க்கும் பிள்ளைக்குப் பாடம் நன்றாகவே பதியும். ஆனால் பதிவு ஓடும்போது அந்தக் கேள்வியை விழுங்கிவிட வேண்டும்.

1. வேலையைத் தேர்ந்தெடுங்கள்

மனப்பாடமாக வரும் எதையும் கொடுக்காதீர்கள். மரம் வளர்ப்பு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், படித்து வைத்தது கை வழியாக இறங்கிவிடும். வாயில் ஒன்றும் வராது. மிகக் கடினமானதும் வேண்டாம், பிள்ளை உறைந்து போய்விடும். மார்த்தாண்டம் போகும் பஸ் தங்கள் ஊரில் நிற்பதில்லை, நிற்க வேண்டும் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லலாம். விஷயம் பிள்ளைக்குத் தெரியும், வாசகம் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிந்தனை நடக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

2. அனுமதி

தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம், பிள்ளையின் சம்மதம் மூன்றும் வேண்டும். பெயருக்குப் பதில் "மா-1", "மா-2" என்று குறியீடு போடுங்கள். அது மட்டும் போதாது. மனதில் ஓடுவதைச் சொல்லச் சொன்னால் வீட்டு விஷயமும் வந்து விழும். முட்டம், குளச்சல் மாதிரிக் கடற்கரை ஊர்களில் அப்பாவின் படகுப் பெயர் ஒன்று வந்துவிட்டாலே யார் பிள்ளை என்று தெரிந்துபோகும். அவற்றையும் எழுத்தாக்கும்போது மறைத்துவிடுங்கள்.

3. இடமும் நேரமும்

ஆடியோ தெளிவாக இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. தகரக் கூரை போட்ட வகுப்பறையில் மழை பெய்தால் பேச்சே கேட்காது. கோவில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடக்கும் வாரத்தில் மைக்செட்டை மீறி எதுவும் பதிவாகாது. இதையெல்லாம் பார்த்து நாள் குறியுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். நேராக மேஜையில் வைத்தால் பேனா உரசும் சத்தம்தான் அதிகம் விழும். நீங்கள் எதிரே உட்காராமல், பக்கவாட்டில் சற்றுப் பின்னால் உட்காருங்கள். முகம் தெரிந்தால் பிள்ளை உங்களிடம் பேசத் தொடங்கிவிடும்.

4. முதலில் பழக்குங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. 24ஐ 36ஆல் மனதிலேயே பெருக்கச் சொல்லுங்கள். "முதல்ல பெருக்குவேன், அப்புறம் கூட்டுவேன்" என்று வந்தால் அது விளக்கம். "ஆறு நாலு இருபத்தி நாலு… நாலு, மீதி ரெண்டு… ஆறு ரெண்டு பன்னெண்டு, பதினாலு… நூத்தி நாப்பத்தி நாலு" என்று வந்தால் சரி, அதுதான் வேண்டும். அடுத்து, "உன் வீட்டில் எத்தனை ஜன்னல்?" என்று கேளுங்கள். அறை அறையாகப் போய் எண்ணுவது வாயில் கேட்கும். இரண்டும் இந்த ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படும் பயிற்சிகள்தான்.

5. சொல்ல வேண்டியதை எழுதி வைத்துப் படியுங்கள்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வாசகம். இப்படி இருக்கலாம்: "எழுதும்போது மனசுல என்ன வருதோ அத அப்படியே சொல்லிட்டே எழுது மக்களே. எனக்கு விளக்க வேண்டாம். தனியா இருந்து உனக்கு நீயே பேசுற மாதிரி பேசு. வீட்டுல பேசுற மாதிரியே பேசலாம், மலையாளம் வந்தாலும் பரவாயில்ல."

கடைசி வரி நம் ஊருக்கு மிக முக்கியம். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு வேறு, நோட்டில் எழுதும் தமிழ் வேறு. ஆசிரியர் முன்னால் வகுப்புத் தமிழில்தான் பேச வேண்டும் என்று நினைத்துவிட்டால், பேசும் முன்பே திருத்தத் தொடங்கிவிடுவார்கள். நமக்கு வேண்டியதே திருத்துவதற்கு முந்தையது.

6. பதிவு ஓடும்போது

சும்மா இருங்கள். பதினைந்து, இருபது விநாடிக்கு மேல் சத்தமில்லை என்றால் "பேசிட்டே எழுது" என்று மட்டும் சொல்லுங்கள். "என்ன யோசிக்கிற?" என்றுகூடக் கேட்க வேண்டாம், அதற்கு உங்களைப் பார்த்துப் பதில் வரும். "இது செரியா டீச்சர்?" என்று கேட்டாலும் அதே பதில்தான்: "பேசிட்டே எழுது மக்களே." தலையாட்டாதீர்கள், "ம்… நல்லது" வேண்டவே வேண்டாம்.

முடிந்த கையோடு, எழுதிய தாளை முன்னால் வைத்துக்கொண்டு, நீண்ட மௌனம் வந்த இடங்களில் அப்போது என்ன ஓர்மை வந்தது என்று கேட்கலாம். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நினைவிலிருந்து வருவதில் கொஞ்சம் புனைவு கலக்கும், அதை நேரடிப் பேச்சோடு சேர்க்கக் கூடாது.

7. எழுத்தாக்கமும் குறியிடுதலும்

பத்து நிமிட ஆடியோவை எழுத ஒரு மணி நேரம் போகும், மலைக்காதீர்கள். பேச்சைத் திருத்தாமல் எழுதுங்கள். மாதிரிக்கு நான் அமைத்த ஒரு துண்டு:

"அனுப்புநர்… எனக்க பேரு, வகுப்பு… / பெறுநர் ஆரு? டிப்போ ஆபீசரா… / கிளை மேலாளர்னு போட்டாத்தான் செரி / (9 விநாடி மௌனம்) / மழ பெஞ்சா ஸ்டாப்புல வெள்ளம் கெட்டி கெடக்கும் / கெட்டி கெடக்கும்னு எழுதப்பிடாது / தண்ணீர் தேங்கி நிற்கும் / சின்னப் பிள்ளைய எங்க நிக்கும்? அதயும் எழுதணும் / மேல இடம் இல்ல, செரி, கீழ."

சாய்கோடுகள் ஒவ்வொரு எண்ணமும் முடியும் இடம். இனி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறி: திட்டமிடல், எழுத்தாக்கல் (இங்கே, பிள்ளை எண்ணத்தை வாக்கியமாக்கித் தாளில் இறக்குவது), மறுபார்வை. லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேஸும் 1981இல் முன்வைத்த மாதிரியின் மூன்று அடிப்படைச் செயல்கள் இவை. இவை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகின்றன என்பதே அவர்கள் கண்டது. மேலே உள்ள துண்டிலும் பாருங்கள்: தண்ணீர் பற்றி எழுதி முடித்த பிறகுதான் சின்னப் பிள்ளைகளின் நினைப்பு வருகிறது, அது புதுத் திட்டம். அப்புறம் நம் ஊர்ப் பதிவுகளுக்கு நான்காவதாக ஒரு குறி சேருங்கள் என்பேன்: வீட்டுப் பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாறும் இடம். தாளில் "தண்ணீர் தேங்கி நிற்கும்" என்று மூன்று சொல்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டு, நிராகரிக்கப்பட்டு, மாற்றப்பட்டிருக்கிறது. எழுதுவது மெதுவாக இருக்கிறது என்று நாம் குறைசொல்லும் பிள்ளை, உண்மையில் இரண்டு வேலை செய்துகொண்டிருக்கலாம்.

8. இன்னொருவரையும் குறியிட வையுங்கள்

உங்கள் குறிகளைப் பார்க்காமல் ஒரு நண்பர் அதே துண்டுகளுக்குக் குறியிடட்டும். 100 துண்டுகளில் 80இல் ஒத்துப்போனால் நல்லதுதான். ஆனால் தற்செயலாகவே சில ஒத்துப்போகும். அதைக் கழிக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா கணக்கு. தற்செயலாக 30 ஒத்துப்போகக்கூடும் என்றால், 80இலிருந்து 30 கழித்து 50. நூறிலிருந்து 30 கழித்து 70. 50ஐ 70ஆல் வகுத்தால் 0.71. அது நல்ல அளவு. 0.4, 0.5 என்று வந்தால் உங்கள் குறிகளின் விளக்கம் தெளிவாக இல்லை என்று பொருள். இருவரும் உட்கார்ந்து பேசி, விளக்கத்தைத் திருத்தி, மறுபடி செய்யுங்கள்.

எதைச் சொல்ல முடியாது

பழகிப்போன செயல்கள் பேச்சில் வராது. ஒற்றெழுத்து போடுவதை ஒரு பிள்ளை சொல்லவில்லை என்றால் அது யோசிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். கை தானாகச் செய்திருக்கலாம். நாலைந்து பேரை வைத்துக்கொண்டு "குமரி மாவட்ட மாணவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள்" என்றும் சொல்லக் கூடாது. நேரம் இருந்தால், அதே வகுப்பில் வேறு சிலருக்கு அதே விண்ணப்பத்தைக் கொடுத்து அமைதியாக எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்ட நேரம், எழுதிய வரிகள், அடித்துத் திருத்திய இடங்கள் இவற்றை இரு பக்கமும் ஒப்பிட்டால், உரக்கப் பேச வைத்தது எழுத்தை எவ்வளவு மாற்றியது என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்த எண்களையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.