"அப்படிச் சொல்லாதீய" என்று சொல்லாதீர்கள்

போன மாசம் எங்கள் சேகரத்தில், அதாவது சபை வட்டாரத்தில், நோயாளிகளைப் போய்ப் பார்த்து ஜெபிக்கிற ஆஸ்பத்திரி சந்திப்புக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். பெண்கள் வார்டில் எங்கள் ஊர்ச் சித்தி ஒருத்தி படுத்திருந்தாள். தலைமாட்டில் பிளாஸ்க், கட்டிலுக்கு அடியில் தூக்குவாளி. எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "இனி எங்க மக்கா, வீட்டுக்குத் திரும்பி வருவேன்னு தோணல" என்று ஆரம்பித்தாள். தம்பி விருட்டென்று குனிந்து அவள் கையைப் பிடித்து, "அப்படிச் சொல்லாதீய சித்தி, வாயால அப்படி அறிக்கை செய்யக் கூடாது, சுகமாயிட்டேன்னு சொல்லுங்க" என்றான். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி "சுகமாயிட்டேன்" என்றாள். நாங்கள் ஜெபித்துவிட்டுக் கிளம்புகிற வரை அவள் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பிடித்த பிடி, குனிந்த விதம், குரலை உயர்த்திய இடம் எல்லாமே என்னுடையவை. 1998-ல் நான் அப்படித்தான் இருந்தேன்.

பொய் சொல்லாதே, கோள் சொல்லாதே, கெட்ட வார்த்தை பேசாதே என்பதெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாட வசனமாக வந்துவிட்டதால் அதை இங்கே எழுதப்போவதில்லை. கையில் வேதப்புத்தகமும் மனசில் நல்ல எண்ணமும் இருக்கும்போதே நம் வாய் செய்கிற சேதம் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் இது.

பாதி வசனம்

"மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்." நீதிமொழிகள் 18:21. நாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் இதில்தான் தொடங்குவார்கள், தப்பில்லை. எபிரேய மூலத்தில் "நாவின் கையில்" என்றே இருக்கிறது, நாவுக்கும் ஒரு கை இருக்கிற மாதிரி. ஆனால் அதே அதிகாரத்தில் எட்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள்: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." இன்னும் நாலு வசனம் தள்ளி, வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான் போலத் தெரிவான், அடுத்தவன் வந்து பரிசோதிக்கும்போதுதான் விஷயம் வெளிவரும் என்று வருகிறது. ஆக அந்த அதிகாரத்தில் நாவைப் பற்றிச் சொல்லும்போது வழக்கும் சாட்சியும் கேட்கிற காதும் கூடவே வருகின்றன. இருபத்தொன்றாம் வசனத்தை மட்டும் கிள்ளி எடுத்து, நான் வாயால் சொன்னால் அது நடந்துவிடும் என்று ஆக்கிவிட்டோம். பதின்மூன்றாம் வசனத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

நோயாளியின் வாயை அடைப்பது

இதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. எழுத உட்காரும்போதே எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

திசையன்விளைப் பக்கம் ஒரு அண்ணாச்சி. கருப்பட்டி வியாபாரம். ஈரலில் புற்று என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. நான் அப்போது வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிது, ஜெபக்குழுவிலும் புதிது, கேசட்டில் செய்தி கேட்டுக் கேட்டு வாயெல்லாம் அறிக்கையாக இருந்த காலம். வாரம் ரெண்டு தடவை சைக்கிளில் போவேன். மூன்று தடவை, எண்ணிச் சொல்லுகிறேன், மூன்று தடவை அவர் ஒரே வாக்கியத்தை ஆரம்பித்தார்: "எலே வாத்தியாரே, நான் போனதுக்கப்புறம்..." மூன்று தடவையும் நான் விடவில்லை. "அந்த வார்த்தையை வாயில எடுக்காதீய அண்ணாச்சி, நீங்க சாகாம பிழைச்சிருப்பீய" என்று சங்கீதம் 118-ஐ எடுத்து முன்னால் வைத்தேன். நாலாவது தடவை அவர் ஆரம்பிக்கவே இல்லை. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது. விசுவாசம் வந்துவிட்டது என்று குழுவில் போய்ச் சாட்சி வேறு சொன்னேன்.

அதோடு நின்றதா? ஒருநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு "வலி இல்ல" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ராத்திரியில் அவர் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தது எனக்கு அப்போது தெரியாது.

இருபது நாள்தான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் துட்டி கேட்கப் போனபோது மைனி, அண்ணாச்சியின் மனைவி, சொன்னாள், கோபமில்லாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவிய தம்பியக் கூப்பிடணும்னு நினைச்சாவ. வாத்தியார் சத்தம் போடுவாருன்னு விட்டுட்டாவ." பனைவிளை எல்லைத் தகராறில் அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். தம்பி துட்டி வீட்டுக்கு வந்தான், பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனான். இன்னொன்றும் இருந்தது. அண்ணாச்சி விளைப் பத்திரத்தை யாரிடமோ அடகு வைத்திருந்தார். யாரிடம், எவ்வளவுக்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "நான் போனதுக்கப்புறம்" என்று அவர் ஆரம்பித்தது இதற்காகவும் இருக்கலாம். மைனி அந்தப் பத்திரத்தைக் கண்டுபிடித்து மீட்க ரெண்டு வருஷம் அலைந்தாள், வட்டி தனி.

வார்த்தைக்கு வல்லமை உண்டு என்று நம்புகிறவன், சாகக் கிடக்கிற மனுஷனின் வார்த்தையை மட்டும் எப்படி ஒன்றுமில்லாததாக நினைத்தேன் என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை.

வாயால் அறிக்கை செய்தால் அது நடந்துவிடும் என்கிற இந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் சபைகளில் இது பழையது கிடையாது. அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. கென்யன் என்பவர் எழுதியதும், அவருக்குப் பின்னால் கென்னத் ஹேகின் பரப்பியதும் கேசட்டாகவும் கைப்பிரதியாகவும் இங்கே வந்து சேர்ந்தன. அதற்குத் தூணாக நிறுத்துகிற வசனம் ரோமர் 4:17, "இல்லாதவைகளை இருக்கிறவைகளைப்போல் அழைக்கிறவர்." அப்படி அழைக்கிறவர் யார் என்று பாருங்கள். தேவன். ஆபிரகாம் அதைச் செய்ததாகக்கூட அங்கே எழுதவில்லை, அவன் அவரை விசுவாசித்தான், அவ்வளவுதான். ரோமர் 10-ல் வாயினால் அறிக்கையிடச் சொல்வதும் இயேசுவே கர்த்தர் என்பதைத்தான், ஈரல் சரியாகிவிட்டது என்பதை இல்லை.

பவுல் என்ன செய்தார்? "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று தீமோத்தேயுவுக்குப் பச்சையாக எழுதினார். சுகமாயிட்டான் என்று எழுதவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக, தன்னை வாட்டிய உபாதைக்காக, மூன்று தரம் வேண்டிக்கொண்டதையும், அது நீங்காததையும், கிருபை போதும் என்ற பதில் வந்ததையும் ஒளிக்காமல் எழுதினார். சிலுவையில் இயேசு சொன்னது "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற சங்கீதம் 22. பக்கத்தில் நம் தம்பி நின்றிருந்தால் "அப்படிச் சொல்லாதீய ஆண்டவரே" என்று கையைப் பிடித்திருப்பான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், டோனாவூருக்குப் போங்கள். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். 1951-ல் சாகிற வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் படுக்கைதான். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்கிற வாய் நம்மில் யாருக்கு இருக்கிறது? அந்தப் படுக்கையில் இருந்துதான் எழுதிக்கொண்டே இருந்தார், படுத்திருக்கிற மற்றவர்களுக்கும் எழுதினார். அவர் கல்லறையில் நீளமான கல்வெட்டு எதுவும் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். வார்த்தையைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிற நாம் ஒரு தடவையாவது அதன் முன்னால் போய் நிற்கலாம்.

சரி, கட்டிலருகே என்னதான் செய்வது? உட்காருங்கள், நின்றுகொண்டு பேசாதீர்கள். நோயாளி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிகிற வரை வாயைத் திறக்காதீர்கள், அழுகை வந்து பாதியில் நின்றால் அந்தப் பாதியிலேயே நீங்களும் நில்லுங்கள். வலி இருந்தால் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள், மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி உங்கள் வாயிலிருந்து ஒரு எழுத்துகூட வரக் கூடாது. சுகத்துக்காகத் தாராளமாக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன், பிழைத்து எழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆண்டவரிடம் கேட்பது வேறு, நோயாளியைப் பொய் சொல்ல வைப்பது வேறு.

"சவம்" என்று சொன்னால் செத்துவிடுவார்களா?

ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், வீட்டில் சவம், மூதி என்று பேசினால் அந்த ஆவி வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். திருநெல்வேலிச் சீமையில் "சவத்த விட்டுத் தள்ளு" இல்லாமல் ஒருநாள் பேச்சு ஓடுமா? கத்தரிக்காய் விலை ஏறினாலும் சவம்தான், பஸ் வராவிட்டாலும் சவம்தான். அதற்குப் பிறகு ஒரு மாசம் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதி வாக்கியத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு "இயேசுவின் இரத்தம்" என்று முணுமுணுத்தார்கள். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றினாள் என்று ஜெபித்த எண்ணெய் கேட்டு வருகிறவர்களும் உண்டு. நீதிமொழிகள் 26:2-ஐ வாசித்துக் காட்டி அனுப்புவேன், "காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது," குருவி பறந்து போகிற மாதிரி போய்விடும் என்று.

பிள்ளைகள் விஷயம் மட்டும் வேறு. "எடுபட்ட பயலே" என்று சிரித்துக்கொண்டே முதுகில் தட்டுகிற ஆச்சி பேரனுக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. "கண்ணு, உனக்குக் கணக்கு வராதுடா, விடு" என்று சுத்தமான தமிழில், அன்பாக, நாலு பேர் முன்னால் சொல்கிற வாத்தியார் செய்துவிடுகிறார். நானே சொல்லியிருக்கிறேன். பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் டீக்கடையில் வைத்து, நான் சொன்ன தேதியோடு ஞாபகப்படுத்தினான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான். சபிக்கப்பட்ட வார்த்தைகள் எவை என்று பட்டியல் தேடுகிறவர்களுக்கு இந்த இடம் கண்ணில் படாது. யாக்கோபு நாவை நெருப்பு என்று எழுதிவிட்டு, அடுத்து எதற்குப் போகிறார் பாருங்கள்: தேவசாயலில் உண்டான மனுஷரை அதே வாயால் சபிக்கிறோமே என்பதற்கு. அவர் பார்ப்பது எதிரே நிற்கிற ஆளை.

ஜெபக்குறிப்பு என்ற பெயரில்

"ஒரு சகோதரியின் குடும்பத்துக்காக ஜெபிப்போம், பெயர் வேண்டாம், மூன்றாம் தெருவில் பச்சைக் கதவு வீடு." இப்படி ஒரு குறிப்பு எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் நிஜமாகவே வந்தது. வீட்டில் நடந்ததை வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஆண்டவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவருக்கு விலாசம் ஏற்கெனவே தெரியும்.

விடியற்காலை மைக்

நீதிமொழிகள் 27:14, அதிகாலையில் உரத்த சத்தத்தோடு சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்கிற வசனம். எடுத்து வாசித்துவிட்டு, அப்புறம் ஸ்பீக்கரைத் திருப்பி வையுங்கள்.

வாக்குத்தத்த அட்டை

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வரும் வருஷத்துக்கென்று எடுத்த வசன அட்டையை வருஷம் முழுக்க வாயால் சொல்லிக்கொண்டிருப்பது நல்லதுதான். அந்த அட்டையைக் காட்டி அடுத்தவனிடம் "உனக்கு ஏன் நடக்கல?" என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து வீட்டில் இருங்கள்.

துட்டி வீடு

இங்கே நம் ஊர் வழக்கம் நம் பிரசங்கத்தைவிட மேல். துட்டி வீட்டில் "போயிட்டு வாரேன்" என்று யாரும் சொல்வதில்லை, எழுந்து போய்விடுகிறோம். ஏன் என்று நம் பாட்டிமார் விளக்கியதில்லை, ஆனால் சில இடத்தில் வார்த்தை வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் அதைத்தான் செய்தார்கள். ராப்பகல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாளோடு ஊருக்குப் பஸ் ஏறியிருந்தால் இன்றைக்கு அவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருப்போம். பேச ஆரம்பித்தார்கள். "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் கர்த்தரே, யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்றார். புலம்பித் தீர்த்தவன் யோபு. கர்த்தருக்காக வக்காலத்து வாங்கிப் பேசியவர்கள் அவர்கள். அந்தத் தீர்ப்பை நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப வாசிக்கிறேன்.

"எல்லாம் நன்மைக்குத்தான்", "கர்த்தர் பூப்பறிக்கிற மாதிரி எடுத்துக்கிட்டார்" என்பவற்றைப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சொல்லாதீர்கள். சோகத்தில் இருப்பவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் அவன் துணியை உருவுகிறவன் மாதிரி என்று நீதிமொழிகளே சொல்கிறது. சுக்குக் காப்பி போட்டுக் கொண்டு போங்கள்.

போன வாரம் அந்தச் சித்தியைப் பார்க்க மறுபடி போனோம். வழியில் தம்பியிடம் அண்ணாச்சி கதையைச் சொல்லியிருந்தேன். வார்டுக்குள் நுழைந்ததும் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அன்னைக்கு என்னவோ சொல்ல வந்தீய சித்தி" என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனை நம்பாமல் பார்த்தாள். அப்புறம் அரை மணி நேரம் பேசினாள். ஆட்டுக்குட்டி யாருக்கு, கம்மல் எந்தப் பேத்திக்கு, கம்யூனிட்டி ஹாலில் சாப்பாடு போட்டால் சாம்பாரை யார் கையில் விடக் கூடாது, அடக்கத்துக்குப் பாமாலையில் எந்தப் பாட்டு, கீர்த்தனையில் எந்த ரெண்டு. சொல்லி முடித்துவிட்டு, "வலி ஜாஸ்தியா இருக்கு மக்கா, அந்த நர்சம்மாவக் கூப்பிடு" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் பேனாவால் பாட்டு நம்பர் மூன்றும் எழுதியிருந்தான். வேர்வையில் அழிந்துவிடப் போகிறது என்று கண்டக்டரிடம் ஒரு பழைய டிக்கெட் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கம் திரும்ப எழுதினான்.