பெற்றோருக்குச் சேதி போய்ச் சேர

கடலூர் முதுநகர்ப் பக்கம் தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் நீளமாக அறிவிப்பு தட்டிப் போட்டால் யாரும் படிப்பதில்லை. பல வீட்டில் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதனால் அரை நிமிடக் குரல் பதிவாக, இரவு எட்டு மணிக்கு மேல் அனுப்புகிறேன். "நாளைக்கு அட்டை, பசை கொடுத்து விடுங்க" என்கிற அளவுதான். அதையே வாசல் கரும்பலகையிலும் பெரிய எழுத்தில் எழுதிவிடுவேன். பிள்ளையை விட வரும் ஆயா யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

இன்னொன்று, ஜூன் மாதமே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன். குறை சொல்ல அல்ல. "உங்க பையன் இன்னைக்குத் தானாகவே கதை சொன்னான்மா" என்று சொல்ல. அப்புறம் எதற்குக் கூப்பிட்டாலும் பயப்படாமல் எடுப்பார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆனால் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால், மீன் விற்கப் போன அம்மா எப்படி வருவார்? மாலை நான்குக்கு மாற்றிப் பாருங்கள். டீயும் சுண்டலும் இருந்தால் இன்னும் நல்லது!