மெத்தில் ஒட்டினால் ஜீன் ஆஃப்? அவ்வளவு சுலபமில்லை

டிஎன்ஏவின் எழுத்து மாறாமலே ஜீன்கள் எப்படி அடங்குகின்றன, எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கும் எபிஜெனடிக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே பலர் சொல்வது, "டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டினால் ஜீன் ஆஃப், உரிந்தால் ஆன்" என்பதுதான். (மெத்தில் என்பது டிஎன்ஏமீது ஒட்டும் ஒரு சிறு வேதிக் குறி.) முதல் சறுக்கலே அங்கேதான். எங்கே ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம். புரமோட்டர் என்கிற தொடக்கப் பகுதியில் ஏறினால் பெரும்பாலும் ஜீன் அடங்கிப்போகும், ஆனால் ஜீனின் நடுப்பகுதியில் ஏறியிருந்தால் அது மும்முரமாக வேலை செய்துகொண்டுகூட இருக்கலாம். புற்றுநோய்ச் செல்லில் மொத்த மெத்தில் பெரும்பாலும் குறைந்திருக்கும், அதே செல்லில் கட்டியைத் தடுக்க வேண்டிய சில ஜீன்களின் வாசலில் மட்டும் அப்பிக்கிடக்கும். அதனால் "மெத்திலேஷனைக் கூட்டும் மாத்திரை" என்று யாராவது விற்றால், எந்த ஜீனில் என்று கேளுங்கள். (கர்ப்பத்துக்கு டாக்டர் தரும் ஃபோலிக் ஆசிட் வேறு கதை, அதை நிறுத்திவிடாதீர்கள்.)

அடுத்தது வீட்டையே கலங்கடிக்கும் தவறு. பெருங்குடல் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் "எம்எல்எச்1 புரதம் இல்லை" என்று வந்ததும், பரம்பரை நோய், பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிஎன்ஏவை நகலெடுக்கும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் ஜீன்களில் ஒன்று எம்எல்எச்1. அது பிறவியிலேயே பழுதாகியிருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம், அது குடும்பத்தில் இறங்கும். ஆனால் இந்தப் புரதம் காணாமல்போன கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஜீனின் எழுத்து சரியாகவே இருக்கும், புரமோட்டரில் மெத்தில் ஏறி வாயை அடைத்திருக்கும், அவ்வளவுதான். அது அந்தக் கட்டிக்குள் நடந்த கூத்து, பொதுவாகப் பிள்ளைகளுக்குப் போகாது. அதைப் பிரித்தறியத்தான் கட்டியில் மெத்திலேஷனையும், பிராஃப் என்ற இன்னொரு ஜீனில் வரும் வி600இ மாற்றத்தையும் தேடுகிறார்கள், இவை இருந்தால் பெரும்பாலும் பரம்பரை அல்ல. அந்த முடிவு வரும்வரை உறவினர்களுக்குப் போன் போட வேண்டாம்.

கருத்தரிப்பில் தவறு நேர் எதிர்த்திசையில். அப்பா செய்ததெல்லாம் பேரன்வரை குறியாக இறங்கிவிடும் என்று எழுதுகிறார்கள். கரு உருவானதும் ஒருமுறை, அந்தக் கருவின் இனச்செல்கள் உருவாகும்போது மறுமுறை, பெரும்பாலான மெத்தில் குறிகள் அழிக்கப்படுகின்றன. முதல் அழிப்பில் தப்புபவற்றில் முக்கியமானவை இம்ப்ரின்டட் ஜீன்களின் குறிகள், அதாவது அப்பா, அம்மா தந்த இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பேசும் ஜீன்கள், மனிதரில் சுமார் நூறு. உதாரணமாக ஐஜிஎஃப்2 அப்பா தந்த பிரதியில் பேசும், பக்கத்திலிருக்கும் எச்19 அம்மா தந்ததில் பேசும். இந்த ஏற்பாடு குலைந்தால் குழந்தை அளவுக்கு மீறி வளரும் பெக்வித்-வீடெமான் போன்ற நோய்கள் வரலாம். ஐவிஎஃப் குழந்தைகளில் இது சில மடங்கு அதிகம் என்பது உண்மை, ஆனால் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவது சில மடங்கானாலும் அபூர்வம்தான், "மடங்கு" என்ற சொல்லை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். அப்புறம், ஒரு விந்தணு உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். போன வாரம் சிகரெட்டை விட்டுவிட்டு இந்த வாரம் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் மாறவில்லையே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

குறிகளை அழிக்கும் மருந்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அசாசிடிடினுக்கு அமெரிக்காவில் 2004-ல் அனுமதி கிடைத்தது, ரத்த உற்பத்தி கெட்டுப்போகும் எம்டிஎஸ் நோய்க்கு. ஆனால் அது ஒரு ஜீனைக் குறிபார்த்து அடிப்பதில்லை, பிரியும் செல்களில் எல்லா இடத்திலும் மெத்திலைக் குறைக்கும், நிறுத்தினால் குறிகள் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். அதனால்தான் பலன் இருக்கும்வரை சுற்றுச் சுற்றாகத் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.