கொத்தமல்லித் தழை: மணமா, சோப்பா? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும், ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லித் தழையைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்குகிறவர் ஒருவராவது இருப்பார். சிறுவனாக இருந்தால் “செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்” என்று பெரியம்மா முறைப்பார். வளர்ந்தவராக இருந்தால் “இத்தனை வயதுக்கு என்ன வீம்பு?” என்பார்கள். அண்மைக் காலமாக ஒதுக்குகிறவர்கள் கையிலும் ஒரு பதில் இருக்கிறது: “தழையில் சோப்பு வாசனை தெரியவைக்கும் ஜீன் (மரபணு) எனக்கு இருக்கிறது.” இரண்டு தரப்புமே அவசரப்படுகின்றன என்பது என் கட்சி. நான் தழையை அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிற ஆள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டையை அப்படியே விட்டுவிட்டு, சமையலறையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கு எது பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். தழையை விரும்புகிறவர் ஒருவர், வெறுக்கிறவர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர் என்று மூன்று பேர் போதும்.

படி 1: சரியான தழையை வாங்குங்கள்

புதிதாகச் சமையல் பழகுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பசாரில் கொத்தமல்லியும் டாவுன் சுப்பும் பெரும்பாலும் அருகருகே கிடக்கும். வெட்டு வெட்டான இலை, பச்சைத் தண்டு, வேரோடு கட்டிய கட்டு என்று தூரத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். டாவுன் சுப் என்பது சூப்பில் போடும் சிறுதண்டு செலரி. அதன் இலை சற்றுப் பெரியது, தண்டும் பருமன். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். மலாயில் கேட்பதானால் “டாவுன் கெத்தும்பார்” என்று கேளுங்கள். “கெத்தும்பார் ஜாவா” என்று சிலர் எடுத்துக் கொடுப்பது வேறு செடி. நீண்ட இலை, ஓரத்தில் ரம்பப் பல் இருக்கும். வாசனை மட்டும் கொத்தமல்லியின் உடன்பிறப்பு.

டாவுன் சுப்பிலும் ஒரு சிறு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். லக்சா என்னும் நூடுல்ஸ் சூப்புக்குப் போடும் கெசும் இலை இரண்டு கொத்தும், வீட்டில் இருக்கும் கொத்தமல்லி விதை ஒரு தேக்கரண்டியும் வேண்டும்.

படி 2: ஐந்து கிண்ணங்கள்

தழையை மெதுவாக அலசித் தண்ணீரை வடித்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் கசக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கிண்ணத்தில் முழு இலைகளைப் பச்சையாகப் போடுங்கள். இரண்டாவதில், தழையை அம்மியிலோ மிக்சியிலோ விழுதாக அரைத்துப் பதினைந்து நிமிடம் ஆறப் போடுங்கள். மூன்றாவதில், வெறும் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்ட தழை. நான்காவதில், இலேசாக வறுத்துப் பொடித்த விதை. ஐந்தாவதில் டாவுன் சுப். உப்பு, புளி, மிளகாய் எதுவும் எதிலும் சேர வேண்டாம். அவை வந்துவிட்டால் நாக்கு வேறு பக்கம் போய்விடும். கெசும் இலையைத் தனியே எடுத்து வையுங்கள், அதற்குக் கடைசியில் வேலை இருக்கிறது.

படி 3: மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு விரலால் மூக்கை அடைத்துக்கொண்டு முதல் கிண்ணத்திலிருந்து ஓர் இலையை மெல்லுங்கள். விரும்புகிறவருக்கும் வெறுக்கிறவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அனுபவம்தான் கிடைக்கும்: ஏதோ பச்சை இலை, மிஞ்சிப் போனால் இலேசான கசப்பு. மென்றுகொண்டே மூக்கை விடுங்கள். ஒருவர் முகம் மலரும், இன்னொருவர் முகம் சுளிக்கும்.

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்கிற ஐந்துதான். மற்றதைப் பெரும்பாலும் வாயின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் ஆவி சொல்கிறது. ஆகவே “எனக்கு அதன் சுவை பிடிக்காது” என்கிறவர் உண்மையில் புகார் செய்வது வாசனையைப் பற்றி.

அடுத்து, வெறுக்கிறவரின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு ஐந்து கிண்ணங்களையும் வரிசை மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வாய்த் தண்ணீர், ஒரு பிடி வெறுஞ்சோறு. கேள்வியில்தான் கவனம் வேண்டும். “சோப்பு மாதிரி இருக்கிறதா?” என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றே சொல்வார்கள். “எது நினைவுக்கு வருகிறது?” என்று மட்டும் கேட்டு, அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: எழுதியதைப் படியுங்கள்

“சோப்பு”, “ஷாம்பு” என்று வந்திருந்தால் அது கற்பனை அல்ல. கொத்தமல்லித் தழையின் வாசனைக்குப் பெரிதும் காரணம் ஆல்டிஹைடு என்னும் வகைச் சேர்மங்கள். டெக்கனால், 2-டெசினால், 2-டோடெசினால் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இதே வகைச் சேர்மங்கள் சோப்பிலும் வாசனைப் பொருள்களிலும் இருக்கின்றன.

“பூச்சி நாற்றம்” என்று வந்திருந்தால் அதுவும் சரிதான். மிரட்டினால் நாற்றம் விடும் நாவாய்ப்பூச்சிகளும், மூட்டைப்பூச்சியும் வெளியிடுவது இந்தக் குடும்பத்துச் சேர்மங்களையே. தோட்டத்து லயங்களில் மரக்கட்டிலோடும் மூட்டைப்பூச்சியோடும் மல்லுக்கட்டிய பாட்டி ஒருவர் தழையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினால், அவர் மூக்கு பழுதில்லாமல் வேலை செய்கிறது என்று பொருள்.

ஜீன் விஷயத்துக்கு வருவோம். 2012-இல் 23 அண்ட் மீ என்ற அமெரிக்க மரபணு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஐரோப்பிய வம்சாவளியினர் 14,000-க்கும் மேற்பட்டோரிடம் தழையில் சோப்பு வாசனை தெரிகிறதா என்று கேட்டு, விடைகளை அவர்களின் மரபணுத் தரவோடு ஒப்பிட்டார்கள். பதினோராம் குரோமோசோமில் வாசனையை உணரும் ஏற்பிகளை உண்டாக்கும் ஜீன்கள் கூட்டமாக இருக்கும் ஓரிடத்தோடு தொடர்பு தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஓஆர்6ஏ2 என்ற ஜீன்மேல்தான் சந்தேகம் அதிகம், ஏனென்றால் அது உண்டாக்கும் ஏற்பி ஆல்டிஹைடுகளைப் பிடித்துக்கொள்ளக் கூடியது. இதுவரை செய்தியாகப் பரவிவிட்டது. பரவாத மறுபாதி: சோப்பு வாசனை சிலருக்குத் தெரிவதும் சிலருக்குத் தெரியாததுமான வேறுபாட்டில், பொதுவான மரபணு வேறுபாடுகளால் விளக்க முடிந்த பங்கு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. ஜீன் ஒரு காரணம்தான். அதைக் காட்டி வாழ்நாள் விடுப்புக் கேட்க முடியாது.

அதே ஆண்டில் கனடாவின் டொராண்டோவில் இளைஞர்களிடையே நடந்த ஓர் ஆய்வில், தழையை வெறுப்பவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 விழுக்காடு, தெற்காசிய வம்சாவளியினரில் 7 விழுக்காடு என்று தெரிந்தது. இதை அப்படியே நம் ஊர்மேல் போட்டுவிடாதீர்கள். இங்கே சீனக் கடைக் கஞ்சியிலும் நீராவியில் வெந்த மீனிலும் தழை தாராளமாகவே விழுகிறது. சிறுவயது முதல் தட்டில் என்ன இருந்தது என்பது மூக்கைப் பழக்கும். நம் வீடுகளில் குழந்தை சோறு உண்ணத் தொடங்கும்போதே ரச வாசனையும் கூட வந்துவிடுகிறதே.

படி 5: இரண்டாவது கிண்ணத்தைக் கவனியுங்கள்

முழு இலைக்கு முகம் சுளித்தவர் அரைத்த விழுதுக்கு என்ன சொன்னார்? பல வீடுகளில் வழி இங்கே திறக்கும். இலையை நசுக்கும்போது அதிலுள்ள நொதிகள் வெளிப்பட்டு ஆல்டிஹைடுகளை வாசனை குறைந்த வேறு பொருள்களாக மாற்றுகின்றன. அதற்கு நேரம் வேண்டும், அதனால்தான் பதினைந்து நிமிடம் ஆறப் போடச் சொன்னேன். முதலில் கசக்கக் கூடாது என்றதற்கும் இதுவே காரணம். கொதிக்கவிட்ட மூன்றாவது கிண்ணத்தில், எளிதில் ஆவியாகும் இந்தச் சேர்மங்களில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். தழைப் பிரியர்களுக்கு அந்தக் கிண்ணம் சப்பென்றுதான் இருக்கும்.

விதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முற்றிய விதையின் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல் என்ற சேர்மம், அது வேறு மணம். தழையை வெறுக்கிறவர் கறித்தூளையும் சாம்பார் பொடியையும் மறுப்பின்றிச் சாப்பிடுவது முரண்பாடு அல்ல.

இரண்டாவது கிண்ணத்தையும் தள்ளிவிட்டவர்களை விட்டுவிடுங்கள். இதில் கட்டாயப்படுத்தி ஆவது ஒன்றுமில்லை.

படி 6: ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு சட்னி

தழை ஒரு கிண்ணம், துருவிய தேங்காய் அரைக் கிண்ணம், பச்சை மிளகாய் இரண்டு, சுண்டு விரல் நுனி அளவு இஞ்சி, கொட்டைப்பாக்கு அளவு புளி, உப்பு. முதலில் தழையைத் தனியே மைய அரைத்து ஆறப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தால் திப்பி திப்பியாக நின்று பழைய வாசனை திரும்ப வரும். பிறகு மற்றவற்றைச் சேர்த்து அரைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

முதல் நாளே முழுச் சட்னியையும் தட்டில் வைக்காதீர்கள். வழக்கமான தேங்காய்ச் சட்னியில் ஒரு தேக்கரண்டி கலந்து தோசையோடு கொடுங்கள். முகம் மாறாவிட்டால் அடுத்த முறை இரண்டு.

ரசத்துக்கு என் ஏற்பாடு வேறு. தண்டையும் நன்றாகக் கழுவிய வேரையும் தட்டிப் போட்டு ரசத்தோடு கொதிக்கவிடுங்கள், இறக்கும்போது எடுத்துவிடலாம். இலையை நறுக்கித் தனிக் கிண்ணத்தில் மேசைமேல் வையுங்கள், வேண்டியவர்கள் அவரவரே தூவிக்கொள்ளட்டும். விருந்துகளிலும் இப்படிச் செய்யலாமே என்று சொன்னால் சமையல்காரர்கள் “மேலே தழை இல்லாத ரசத்தை யார் மதிப்பார்கள்?” என்கிறார்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான்.

படி 7: கெசும் இலை

ஒதுக்கி வைத்த கெசும் இலையை இப்போது கசக்கி, கண் கட்டியிருப்பவரிடம் நீட்டுங்கள். இதன் வாசனை எண்ணெயில் முதன்மையானவை டெக்கனாலும் டோடெக்கனாலும், இரண்டுமே ஆல்டிஹைடுகள். கொத்தமல்லி என்றால் காத தூரம் ஓடுகிறவர், அசாம் லக்சாவை மட்டும் கிண்ணத்தின் அடிவரை உறிஞ்சிக் குடிக்கிறவராக இருந்தால், பெரியம்மாவிடம் சொல்ல அவர் இன்னொரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

மிச்சமிருக்கும் கட்டை வீணாக்காதீர்கள். வேர் நனையும்படி ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, இலைமேல் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் தழை சில நாள் வாடாது. கொல்லையில் விதை போட்டு வளர்க்கலாம் என்று தோன்றினால் நிழலான இடமாகப் பாருங்கள். நம் தாழ்நிலத்து வெயிலில் செடி சீக்கிரமே பூவுக்குப் போய்விடும், அப்புறம் தழை கிடைக்காது. அந்த விஷயத்தில் கேமரன் மலைக் குளிரோடு நாம் போட்டியிட முடியாது.